ஓவியத்தில் மெய்ப்பாடு

செய்யுளுக்கு மெய்ப்பாடு உயிர் போன்றது என்பர் புலவர். வண்ணத்தால் ஆகிய ஓவியத்திற்கும் அஃது உண்டு. ஆயினும், ஓவியன் வாய்திறந்து பேசுவதில்லை. அவன் கருதிய சுவையைக் காண்போரே தேடிக் காணவேண்டும். அங்ஙனம் தேடுவதற்குரிய ஓவியங்களுள் ஒன்று, ருஷ்ய நாட்டு ஓவியர் அர்க்காதி பிளாஸ்தோவ் 1942ஆம் ஆண்டில் தீட்டியது. மாஸ்கோ நகரத்துத் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் அது உள்ளது.

பிளாஸ்தோவ் (1893-1972) பிரிஸ்லோனிகா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். புல்லறுப்போரையும் கால்நடைகளையும் கண்டு வளர்ந்த அவர், அவற்றையே தம் ஓவியங்களுக்குப் பொருளாகக் கொண்டார். 1941 ஜூன் 22ஆம் நாள் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டினுட் புகுந்தது. 1945 வரை நீடித்த அப்போரில் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர் மாண்டனர். போர் மூண்ட மறு ஆண்டிலேயே இவ்வோவியம் பிறந்தது.

ஓவியத்தை முதன்முறை நோக்குபவர் கண்ணிற்படுவது இலையுதிர்காலத்தின் அழகே. குன்றுச் சரிவிற் புல் பழுத்துக் கிடக்கின்றது. இளம் பிர்ச்சு மரங்கள் பொன்னிற இலைகளைத் தாங்கி நிற்கின்றன. தொலைவிற் பசும்பயிர் தெரிகின்றது. ருஷ்ய ஓவியர் பலர் விரும்பித் தீட்டிய பருவம் இது. லெவித்தான் 1895இல் வரைந்த 'பொன்னிலையுதிர்காலம்' உலகறிந்தது. ஆகவே, இதனையும் ஓர் இயற்கைக் காட்சி என்றே எண்ணிக் கண் சற்று இளைப்பாறும்.

பின்னரே, மரத்தடியிற் கிடக்கும் இடைச்சிறுவன் கண்ணிற்படுகின்றான். முகம் புல்லிற் புதைந்திருக்கின்றது. தொப்பியும் சாட்டையும் அருகே விழுந்து கிடக்கின்றன. உறங்குகின்றானோ என்று ஐயுறும் நெஞ்சம், தலையிற் குருதியைக் கண்டு திடுக்கிடுகின்றது. ஆனிரைகளுள்ளும் சில வீழ்ந்து கிடக்கின்றன. நாய் மட்டும் வானை நோக்கி ஊளையிடுகின்றது. அது நோக்கும் திக்கிற் சென்றாலன்றோ வானத்தில் அகன்று செல்லும் விமானம் தெரியும்! அத்துணைச் சிறிது அது. விரைந்து பார்ப்பவர் பறவையென்று கருதிவிடவுங் கூடும்.

ஓவியத்தின் பெயர் 'பாசிஸ்டு பறந்து சென்றான்' என்பது. படையெடுத்து வந்த ஜெர்மானியரைச் சோவியத் மக்கள் பாசிஸ்டுகள் என்றே குறித்தனர். அப்பெயரிற் சிறுவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விமானிக்கு நிகழ்ந்தது அவ்வளவே, வந்தான், சென்றான். கீழே நிகழ்ந்ததைத் திரும்பிப் பார்க்கவும் அவனுக்கு நேரமில்லை. பெயர் விமானியின் செயலைக் கூறுகின்றது. ஓவியமோ அவன் விட்டுச் சென்றதைக் காட்டுகின்றது.

இனி, இதன்கண் அமைந்த மெய்ப்பாடு யாது? தொல்காப்பியர் இழவை அழுகைக்கு நிலைக்களனாகவும், கொலையை வெகுளிக்கு நிலைக்களனாகவும் கூறினார். இங்கே இழவும் கொலையும் ஒரே நிகழ்ச்சி. போர்க்காலத்துச் சுவரொட்டிகள் மக்களைப் போருக்கு எழுப்ப முற்பட்டன. 1941இல் தொயித்சே வரைந்த 'தாய்நாடு அழைக்கின்றது' என்னும் சுவரொட்டியில், அன்னை நேரே நோக்கிக் கையுயர்த்தி ஆணையிடுகின்றாள். பிளாஸ்தோவ் அவ்வழிச் செல்லவில்லை. பகைவன் முகத்தைக் கொடியதாக வரைந்திருப்பின், வெகுளி எளிதில் எழுந்து எளிதில் அடங்கியிருக்கும். அவரோ அழுகையை முன்னிறுத்தினார். வெகுளியைக் காண்போர் நெஞ்சிற்கே விட்டுவிட்டார்.

அவ்வழுகையும் இலைகளின் வண்ணத்தாலேயே மிகுகின்றது. கருமுகிலும் பட்ட மரமும் வரைந்து துயரைக் காட்டுவது எளிது. இங்கே சாவு நிகழ்ந்த பின்னும் மரங்களின் பொன்னிறம் மங்கவில்லை. இலை பழுத்து உதிர்வது பருவத்தின் முறை. அச்சிறுவனோ பழுக்கும் பருவம் எய்தாதவன். பிர்ச்சு மரத்தின் மெல்லிய கிளைகளில் இலைகள் இன்னும் உதிராமல் நிற்கின்றன. அவன் அவற்றிற்கு முன்னரே வீழ்ந்து கிடக்கின்றான்.