ஒரே வரியில் மாசக் கணக்கு

கேள்வி: தோட்ட ஆபீசில் வேலை செய்கிறேன். தினமும் கொழுந்து நிறுத்த கணக்கு ஒரு பைலாக லினக்ஸ் கொம்பியூட்டரில் ஏறும். மாசக் கடைசியில் எல்லா பைலையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஆளுக்கு ஆள் கிலோவைக் கூட்டுகிறேன். கறுப்புத் திரையில் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள். வேகமாகத் தட்டப் பழகுவது எப்படி?
— வாசகர், ஹட்டன்

பதில்: வேகமாகத் தட்ட வேண்டாம் தம்பி, தட்டுவதைக் குறையுங்கள். பைல் பெயரில் இரண்டு மூன்று எழுத்துப் போட்டு டெப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். கொன்ட்ரோலோடு ஆர் அழுத்தி, முன்பு அடித்த கட்டளையில் நினைவிருக்கிற ஒரு சொல்லைப் போட்டால் முழு வரியும் திரும்பி வரும். ஒன்று: நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் பேஷ் நிரல் அந்தப் பழைய வரிகளை ஜன்னலை மூடும்போதுதான் எழுதி வைக்கும். உங்கள் பக்கத்து மழையில் கரண்ட் போனால் அன்றைக்கு அடித்ததெல்லாம் போச்சு. முக்கியமான வரியை ஒரு பைலில் எழுதி வையுங்கள். அடுத்த மாசமும் அதையே ஓட்டலாம்.

உங்கள் கணக்குக்கு ஏற்ற ஆள் ஆக் என்ற கட்டளை. 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது. பெயரும் அவர்களுடைய முதலெழுத்துகள்தான். நட்சத்திரக் குறி போட்டு மாசத்துப் பைல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுங்கள். ஆளுக்கொரு கூடை வைத்துக் கிலோவைக் கூட்டித் தரும். மூல பைலில் கை வைக்காது. மேல் மாடியில் வாட்டிய கொழுந்து அப்படியே கீழே ரோலருக்கு விழுகிறதல்லவா, அதுபோல அந்த விடையை ஒரு நெடுங்கோடு போட்டு சோர்ட் என்ற கட்டளையிடம் தள்ளினால் வரிசையாகவும் வரும். இந்தக் கோட்டுக்குப் பெயர் பைப். 1973-இல் அதே ஆய்வகத்து மெக்கில்ராய் வற்புறுத்தித்தான் லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் சேர்ந்தது.

கூடையைப் பெயருக்கு வைக்காதீர்கள், செக்ரோல் நம்பருக்கு வையுங்கள். ஒரே டிவிஷனில் நாலு லெட்சுமி இருப்பார்கள். அதில் ஒருவரையே மறுநாள் லட்சுமி என்று பதிந்திருப்பீர்கள். ஆக்குக்கு அவர் வேறு ஆள்.

சம்பளத்துக்கு அனுப்பும் முன் இன்னொன்றையும் ஆக்கிடம் கேளுங்கள்: உங்கள் தோட்டத்து நாளாந்த நோமுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைந்த வரிகளை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவற்றை நிறுவைத் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். அங்கே நீங்கள் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தால், ஒருவருக்கு அன்றைக்குப் பாதிச் சம்பளம், அரைப்பேர்.