முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு: ஓடுபவரும் வீட்டாரும் அறிய வேண்டியவை



காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடிப் பழகும் பிள்ளைகள் பல ஊர்களில் உண்டு. முழங்கால் வலித்தாலும் துணியைச் சுற்றிக் கொண்டு ஓடுகிறார்கள். பெரும்பாலான வலி, ஓட்டத்தைக் குறைத்துத் தொடைக்குப் பயிற்சி கொடுத்தாலே தீர்ந்து விடும். ஆனால் மூட்டுக்குள் ஜவ்வு கிழிந்து, அடிக்கடி வீங்கி, மடக்கவோ நீட்டவோ முடியாமல் கால் பூட்டிக் கொண்டால் சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். அப்படி ஆபரேஷன் ஆனவர்களுக்கே இப்பிரசுரம்.

உள்ளே என்ன நடந்தது?

ஒவ்வொரு முழங்காலிலும் பிறை வடிவில் இரண்டு ஜவ்வுகள் உள்ளன. ஓடும்போது விழும் பாரத்தை மெத்தை போலத் தாங்குபவை இவையே. இவற்றின் வெளி ஓரத்தில்தான் நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்து ஒட்ட வைக்கலாம். உட்பக்கம் கிழிந்தால் பெரும்பாலும் ஒட்டாது. கிழிந்த துண்டை மட்டும் வெட்டி எடுப்பார்கள். இரண்டும் சிறு துளை வழியே செய்வதுதான். வெளித் தழும்பு ஒரே மாதிரி இருக்கும். ஆறும் காலமோ வேறு.

ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும் முன், "ஜவ்வைத் தைத்தீர்களா, வெட்டினீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். வெட்டியவர் பொதுவாக ஓரிரு நாளிலேயே காலை ஊன்றி நடக்கலாம். தைத்தவருக்கு 4 முதல் 6 வாரம் ஊன்றுகோல் தேவைப்படலாம். 4 மாதம் வரை குந்தி உட்காரக் கூடாது. "பக்கத்துத் தெருப் பையன் ரெண்டே மாசத்துல ஓடினானே!" என்று நீங்களும் ஓடினால் உள் தையல் பிரிந்து விடும்.

முதல் இரண்டு வாரம்

1. காலை உயர்த்தி வைக்கும்போது தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் கால் முழுதும் நீளாமல் போய்விடும்.
2. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.
3. காயத்தில் தண்ணீர் படக்கூடாது. மஞ்சள், பச்சிலை எதுவும் பூச வேண்டாம்.
4. எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். இறுகக் கட்டுப் போடவும் வேண்டாம்.
5. வீட்டில் குந்தும் கக்கூஸ்தான் என்றால், நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்யுங்கள்.
6. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

தொடைதான் காவல்

படுத்திருக்கும் சில நாளிலேயே தொடைத் தசை இளைக்கத் தொடங்கும். தசை இளைத்தால் பாரமெல்லாம் மூட்டின் மேல் விழும். ஆகவே டாக்டர் அனுமதித்ததும், காலை நீட்டி, முழங்காலைப் பாயில் அழுத்தித் தொடையை இறுக்குங்கள். 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளில் பல வேளை செய்யுங்கள். பாதத்தையும் அடிக்கடி மேலும் கீழும் ஆட்டுங்கள். பிசியோதெரபிக்குப் போகும் நாளைத் தவற விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் உண்டு. உங்கள் ஊர் சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

"வலி போயிடுச்சே, ஓடினா என்ன?"

வலி போவது முதலில். பலம் வருவது கடைசியில். வெட்டியவருக்கு இரண்டு மாதம் அல்லது அதற்கு மேலும், தைத்தவருக்கு 4 முதல் 6 மாதமும் ஆகலாம். நாள் கணக்கு மட்டும் போதாது. வீக்கம் இல்லாமல் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். இரண்டு தொடையும் ஏறக்குறைய ஒரே பலம் பெற வேண்டும். டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும்.

பிறகு மண் தரையில் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். மறுநாள் காலையில் முழங்காலைப் பாருங்கள். வீங்கியிருந்தால் முந்தின நாள் ஓடியது அதிகம் என்று பொருள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

காய்ச்சல், காயத்தில் சீழ், மூட்டில் கூடிக்கொண்டே போகும் வீக்கம், கெண்டைக்காலில் வலியும் வீக்கமும். கெண்டைக்கால் வலி இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அதைப் பிடித்து விடவே கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: வயது வரம்பு நெருங்குகிறதே என்ற கவலை பிள்ளைக்கும் உண்டு. "எப்போ ஓடப்போற?" என்று கேட்காமல், "இன்னிக்குப் பயிற்சி செஞ்சியா?" என்று கேளுங்கள். அவசரத்தில் மறுபடி கிழிந்த முழங்கால் நாற்பது வயதிலேயே தேய்ந்து போகலாம். உத்தியோகம் எதுவானாலும் அந்தக் காலோடுதான் போக வேண்டும்.

நினைவில் கொள்க: கத்தி செய்தது பாதி, பயிற்சி செய்வது மீதி!