சத்தம் குறைந்தால் ஆபத்து குறையுமா?

கேள்வி: வேப்பங்கிளை வெட்ட பேட்டரி செயின்சா வாங்கியிருக்கிறேன். பெட்ரோல் மெஷினைவிட இதில் ஆபத்து குறைவுதானே?

பதில்: புகையும் இரைச்சலும்தான் குறைவு; மரத்தை அறுக்கும் சங்கிலி அதே ரகம்தான். பெட்ரோல் மெஷின் ஓடினால் காதே எச்சரித்துவிடும். இதுவோ பேட்டரி மாட்டியிருக்கும்வரை ஓசையின்றித் தயாராக இருக்கும். விசையை அழுத்தியதும் முழு வலுவோடு கிளம்பும். ஆகவே சங்கிலியை இறுக்கும்போதும் சிக்கிய சிம்பை எடுக்கும்போதும் பேட்டரியைக் கழற்றியே ஆகவேண்டும். ‘செயின் பிரேக் இருக்கிறதே’ என்பீர்கள். சங்கிலி சுற்றிவரும் தகட்டு நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால், மெஷின் கண்ணிமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். பிரேக் சங்கிலியை நிறுத்துமே தவிர, எகிறலைத் தடுக்காது. அதை அடக்க இரண்டு கைகளின் பிடி வேண்டும்; இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். எடை குறைவுதானே என்று ஏணியில் நின்று ஒற்றைக் கையால் தோளுக்கு மேலே வெட்டினால் (விளம்பரத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்) அந்தப் பிடியே போய்விடும். உயரக் கிளைக்குத் தரையில் நின்றபடி நீளக்கம்பு ரம்பத்தை எடுங்கள்.