மஞ்சள் கறையும் வெயில் படமும்

எட்டாம் வகுப்பில் அமிலம், காரம் பற்றிக் கற்பிக்கும்போது, மஞ்சள் தாளில் சோப்பு நீரைத் தடவிச் சிவக்க வைப்பது நம் வழக்கம். சிங்கப்பெருமாள் கோயிலில் உள்ள எங்கள் பள்ளியில் நான் அதைச் செய்து காட்டியபோது ஒரு மாணவி எழுந்தாள். "சட்டையில மஞ்சள் பட்டா அம்மா வெயில்ல காயப்போடுவாங்க, கறை போயிடும். அப்போ வெயிலும் காரமா மிஸ்?" உடனே விடை சொல்லாமல், சோதித்துப் பார்ப்போம் என்றேன்.

முதல் முயற்சி தோற்றது. தண்ணீரில் கலக்கிப் பூசிய மஞ்சள்தூள் உலர்ந்ததும் உதிர்ந்தது. மஞ்சளின் நிறமியான குர்குமின் நீரில் எளிதில் கரையாது என்பதை நான் மறந்திருந்தேன். மறுநாள் ஆல்கஹால் கலந்த சானிடைசர் திரவத்தில் தூளைக் கலக்கி, வடிகட்டி, இரண்டு தாள்களில் பூசி நிழலில் உலர்த்தினோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வேப்பிலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தினோம். ஒன்று உச்சி வெயிலுக்குப் போனது, மற்றொன்று அலமாரிக்கு.

சுமார் மூன்று மணி நேரத்தில் வெயிலில் இருந்த தாள் வெளுத்தது. இலையின் அடியில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. சோப்பு நீரைத் தடவியதும் அந்த இலை வடிவம் செம்பழுப்பாக எழுந்தது. "வெயில் காரம் இல்ல மிஸ். காரம்னா சிவந்திருக்கணும், இது வெளுத்திருக்கு" என்றாள் அதே மாணவி.

அலமாரித் தாள் மாறாததைக் காட்டி, ஒளிதான் காரணம் என்றேன். ஒரு மாணவன் மறுத்தான்: "அலமாரியில சூடும் இல்லையே மிஸ்!" நான் திகைத்தேன். விடையும் அவனிடமிருந்தே வந்தது: "இலைக்கு அடியிலயும் சூடு இருந்திருக்கும், ஆனா வெளுக்கல." நான் திட்டமிட்ட ஒப்பீட்டைவிட, இலை மறைத்த இடமே நல்ல ஒப்பீடாக அமைந்தது. குர்குமின் மூலக்கூறை ஒளி சிதைக்கிறது என்பதை அதன் பிறகே விளக்கினேன்.

தாவரச் சாறுகள் ஒளியில் மாறுவதை ஜான் ஹெர்ஷல் ஆராய்ந்து 1842இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இரும்பு உப்புகளைக் கொண்டு நீல அச்சு முறையையும் கண்டறிந்தார். அம்முறையில் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளைப் பதிவு செய்து நூலாக்கினார்.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். எனவே சாறு தயாரிப்பதை ஆசிரியரே, அடுப்பும் நெருப்பும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்க. இந்தப் படம் நிலையானதன்று. ஒளி பட்டால் மங்கும். எங்கள் மாணவர்கள் அதைக் குறிப்பேட்டின் தாள்களுக்கிடையே மூடி வைத்திருக்கிறார்கள். ஏன் மூடி வைக்க வேண்டும் என்று கேட்டால், இப்போது வகுப்பே விடை சொல்கிறது.