கையில் ஒன்று, வாயில் ஒன்று

சென்னை நிறுவனம் ஆஃபர் லெட்டர் கொடுத்து, வெள்ளிக்குள் பதில் கேட்கிறது. அதிகச் சம்பளம் பேசிய பெங்களூரு நிறுவனம் இன்னும் வாய்ப்பேச்சோடு நிற்கிறது. என்ன செய்ய?
– வாசகி, கோவிலூர்

எழுத்தில் வராத சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்தில் உங்கள் பக்கத்து நகரத்தார் வட்டிக் கடைகளில், பர்மாவுக்குக் கப்பலேறிய ஏஜெண்டுக்கு மூன்றாண்டுத் தவணையும் சம்பளமும் சம்பளச்சீட்டில் எழுதியாக வேண்டியிருந்தது. ஆகவே பெங்களூருக்கு இன்றே மெயில் போடுங்கள்: "இன்னொரு ஆஃபர் கையில் இருக்கிறது, வியாழனுக்குள் கடிதம் கிடைக்குமா?" சென்னையிடம் திங்கள்வரை அவகாசம் கேளுங்கள். கேட்டால் ஆஃபரைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் பெரும்பாலும் வீண். பல சுற்று நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மறுபடி ஆள் தேடுவது பெரிய தலைவலி. சி.டி.சி. தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வந்தால்தான் உண்டு என்கிற போனஸ் எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். மாதம் கைக்கு வருவதை ஒப்பிட்டு, சென்னை வாடகையையும் பெங்களூரு வாடகையையும் கழித்துப் பாருங்கள். அவகாசமும் இல்லை, கடிதமும் வரவில்லை என்றால், வெள்ளி காலையே சென்னைக்குச் சம்மதம் எழுதிவிடுங்கள்.