வானொலி மெல்லிசைக் குழுவும் அக்கார்டியன் கலைஞரும்: ஆர்ட் வான் டாமின் நிலையப் பணி (1945–1960)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் என்பிசி நிறுவனத்தின் நிலைய இசைக்கலைஞராக 1945 முதல் 1960 வரை பணியாற்றியவர் ஆர்ட் வான் டாம். அவர் தலைமையேற்ற ஐவர் குழுவின் ஒலியமைப்புக்கும் வானொலிப் பணியின் தேவைகளுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. மெல்லிசை என்பது கலைஞரின் விருப்பத்தால் மட்டுமன்றி, ஒலிவாங்கியாலும் நேர வரையறையாலும் நிலையான ஊதியப் பணியாலும் உருப்பெற்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மெல்லிசை, வானொலி, அக்கார்டியன், ஆர்மோனியம், நிலைய வித்வான்.

முன்னுரை

மெல்லிசை பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் பாடலாசிரியர், பாடகர், இசையமைப்பாளர் ஆகியோரைச் சுற்றியே அமைகின்றன. கருவி வாசித்தோர் 'பின்னணி' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். அவர்கள் எத்தகைய பணிநிலையில் இருந்தனர், அப்பணிநிலை இசையை எவ்வாறு மாற்றியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அவ்வினாக்களுக்கு விடைதேட, கருவிக்கலைஞரே குழுத்தலைவராகவும் விளங்கிய ஒரு சான்று இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கருவியும் கலைஞரும்

துருத்தியின் காற்று உலோக நாக்குகளை அதிரச்செய்ய, அதனால் ஒலியெழுப்பும் கருவி அக்கார்டியன். 1829இல் வியன்னாவில் சிரில் டேமியன் என்பவர் இப்பெயரில் காப்புரிமை பெற்றார். முழு அளவிலான பியானோ அக்கார்டியனில் வலக்கைக்கு 41 கட்டைகளும் இடக்கைக்கு 120 பொத்தான்களும் உண்டு. பண்ணும் துணைச்சுரமும் தாளமும் ஒருவராலேயே இயலும் என்பதால், இது ஒரு குழுவின் வேலையைத் தனியே செய்யும் கருவியாக நடனக்கூடங்களில் பரவியது. உரத்து ஒலிப்பதே அங்கு அதன் சிறப்பாகக் கருதப்பட்டது.

வான் டாம் 1920இல் மிச்சிகன் மாநிலத்தின் நார்வே என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் அக்கார்டியன் பயிலத் தொடங்கினார். 1934இல் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தபின் மேலைச் செவ்விசைப் பயிற்சியைத் தொடர்ந்தார். 1941இல் பென் பெர்னியின் குழுவில் சேர்ந்தார். கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் ஜாஸ் வாசிப்பை அக்கார்டியனுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டமை அவர்தம் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கது. ஒரே மூச்சில் ஒற்றை வரியாக ஓடும் கிளாரினெட்டின் இயல்பை, பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கருவியில் கொணர முயன்றார் எனலாம்.

நிலையப் பணி

1945இல் அவர் என்பிசியில் சேர்ந்தார். அகில இந்திய வானொலி வழக்கில் 'நிலைய வித்வான்' எனப்படும் பணிக்கு இது நெருங்கியது. டைனா ஷோர், டேவ் கேரோவே ஆகியோரின் நிகழ்ச்சிகளில் அவர் வாசித்தார். அவர் பெயரிலேயே அமைந்த வானொலி நிகழ்ச்சி ஏறத்தாழ 130 முறை ஒலிபரப்பாயிற்று.

இத்தகைய பணியிடங்கள் தாமே தோன்றியவை அல்ல. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் சங்கம், பதிவுசெய்த இசை நேரடி இசையின் இடத்தைப் பறிக்கும் என அஞ்சியது. நிலையங்கள் கலைஞர்களைப் பணியமர்த்த வேண்டுமெனப் போராடியது. தேவைக்கு மேல் ஆளமர்த்துமாறு ஒலிபரப்பாளர்களை வற்புறுத்துவதை 1946ஆம் ஆண்டின் லீ சட்டம் தடைசெய்தது. வான் டாமின் குழு வளர்ந்த ஆண்டுகள் இப்பூசலின் நிழலில் கழிந்தவை. எனவே அவரது மெல்லிசையைக் கவலையற்ற பொழுதுபோக்காக மட்டும் காண்பது பொருந்தாது.

ஐவர் குழுவின் ஒலியமைப்பு

அக்கார்டியன், வைப்ரஃபோன், கிதார், பாஸ், டிரம்ஸ் ஆகிய ஐந்தும் இக்குழுவின் கருவிகள். இவ்வமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, அடிச்சுரத்தைப் பாஸ் கருவி ஏற்றதால் அக்கார்டியனின் இடக்கைப் பகுதிக்குத் தேவை குறைந்தது. தனித்தியங்கவல்ல கருவி, தன் ஆற்றலில் ஒரு பகுதியைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தது. இரண்டாவது, மெட்டின் முதன்மை வரியை அக்கார்டியனும் வைப்ரஃபோனும் கிதாரும் இணைந்து வாசித்தன. துருத்தியின் நீடித்த ஒலியும் உலோகத் தகட்டின் மணியோசையும் நரம்பின் மீட்டலும் கலந்து புதியதோர் ஒலிநிறம் பிறந்தது. மூன்றாவது, நடனக்கூட அக்கார்டியனுக்குரிய அலையும் நடுக்கவொலி இவர்தம் பதிவுகளில் ஒதுக்கப்பட்டு, தெளிந்த ஒலியே பேணப்பட்டது.

இம்மூன்றும் ஒலிவாங்கியின் முன் பொருந்துவன. கூடத்தின் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டிய கட்டாயம் வானொலியில் இல்லை. வீட்டு அறையில் கேட்போர்க்கு அணுக்கமாக ஒலித்தல் போதும். பாடகி ஜோ ஸ்டாஃபோர்டுடன் இக்குழு இணைந்த 1957ஆம் ஆண்டு இசைத்தட்டிலும் இவ்வடக்கத்தைக் காணலாம்.

இரு வானொலிகள், ஒரு குடும்பக் கருவிகள்

ஆர்மோனியமும் உலோக நாக்குக் கருவியே. ஆனால் அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. அவ்விலக்கு 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. நிலையான சுரத்தானங்களைக் கொண்ட கருவியில் கமகம் இயலாது என்பது முதன்மையான காரணமாகக் கூறப்பட்டது. அதே காலத்தில் சிகாகோவில் அக்கருவியின் உறவான அக்கார்டியன் ஒரு குழுவுக்குத் தலைமையேற்றிருந்தது. இரு மரபுகளின் இசையிலக்கணம் வேறு என்பது உண்மையே. எனினும் ஒரு கருவிக்கு உரிய இடத்தை இலக்கணத்தோடு ஒலிபரப்பு நிறுவனத்தின் முடிவும் சேர்ந்தே வரையறுத்தது என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.

முடிவுரை

தொலைக்காட்சியின் எழுச்சியும் இசைத்தட்டு நிகழ்ச்சிகளின் பெருக்கமும் நேரடி வானொலி இசையைச் சுருக்கின. 1960இல் வான் டாமின் நிலையப் பணி முடிவுற்றது. பின்னர் அவர் ஐரோப்பாவில் சுற்றுப்பயணங்கள் மேற்கொண்டார், ஜெர்மனியின் எம்பிஎஸ் நிறுவனத்துக்காக இசைத்தட்டுகள் பதிவுசெய்தார், 2010இல் மறைந்தார். பணியிடம் மறைந்தபின்னும் அப்பணியில் உருவான ஒலியமைப்பு நிலைத்தது.

மாதச் சம்பளமும் நாள்தோறும் ஒரே குழுவுடன் வாசிக்கும் வாய்ப்புமே அத்தகைய நுண்மைக்கு அடித்தளமாயின என்பது இவ்வாய்வின் முடிபு. தமிழ் வானொலி மெல்லிசையின் வரலாறும் பாடல் வரிகளிலிருந்து மட்டுமன்றி, நிலைய வித்வான்களின் பணிப்பதிவுகளிலிருந்தும் எழுதப்பட வேண்டும். அக்கலைஞர்களுள் முதியோர் நம்மிடையே வாழும்போதே அவர்தம் நினைவுகளைப் பதிவுசெய்தல் ஆய்வாளர் கடனாகும்.