குரோஷா ஊசியும் நூலும் பிடிக்கும் முறைகள்

பலர் கூடிச் செய்து ஒரே சரக்காக விற்கும் கைத்தொழில் எதுவாயினும், பல கைகளில் உண்டான பொருள் ஒரு கையில் உண்டானதுபோல் விளங்க வேண்டும். நெசவில் இதற்குத் தறியும் அச்சும் துணை செய்கின்றன. குரோஷா லேஸ் பின்னுவதிலோ நுனியில் கொக்கியுள்ள ஒரு சிறு ஊசி, ஒரு நூற்கண்டு, பின்னுகிறவரின் பத்து விரல்கள் ஆகிய இவையே முழுச் சாதனமாகும். ஆகையால் ஊசியையும் நூலையும் பிடிக்கும் விதத்தை நன்கு அறிந்துகொள்வது இத்தொழிலை மேற்கொள்ளும் சங்கங்களுக்கு மிகவும் அவசியம்.

நரசாபுரத்து அனுபவம்

கோதாவரி டெல்டாவிலுள்ள நரசாபுரம், பாலகொல்லு ஆகிய ஊர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் குரோஷா லேஸ் பின்னுதல் ஸ்திரீகளின் வீட்டுத் தொழிலாக நெடுங்காலமாய் நடந்துவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் இதனை அங்கே கற்பித்தார்கள். 1953-ஆம் வருஷத்தில் ஆந்திர ராஜ்யம் பிரியும் வரையில் அப்பிரதேசம் சென்னையுடன் சேர்ந்திருந்தது. 2024-ஆம் வருஷத்தில் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இத்தொழிலின் நடைமுறையை விவரித்திருக்கிறார். ஒருத்தி பூக்களைப் பின்னுவாள். மற்றொருத்தி அவற்றை ஒன்றாக இணைப்பாள். நூல் கொடுத்து வேலை வாங்குவோர் உருப்படிக்கு இவ்வளவு என்று அற்பக் கூலி கொடுத்துவந்தார்கள்.

இவ்வாறு வேலை பகிர்ந்து செய்யப்படும்போது பூக்களின் அளவு ஒத்திருக்க வேண்டும். ஒருத்தியின் பூ 3 அங்குலமும், மற்றொருத்தியின் பூ 3¼ அங்குலமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனியே பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வரிசைக்குப் பன்னிரண்டு பூக்கள் வைத்து இணைத்தாலோ ஒரு வரிசை மற்றதைவிட 3 அங்குலம் நீண்டுவிடும். மேஜை விரிப்பு சுருங்கிக் கோணும். அவ்வுருப்படி தள்ளப்பட்டால், பல நாள் கண் நோகப் பின்னியவளே நஷ்டத்தைச் சுமக்கிறாள்.

ஊசி பிடித்தல்

ஊசி பிடிப்பதில் இரண்டு முறைகள் பெருவழக்கானவை.

முதலாவது, எழுதுகோல் பிடிப்பதுபோல் பிடித்தல். பெருவிரலும் சுட்டுவிரலும் ஊசியின் நடுவிலுள்ள தட்டையான இடத்தைப் பற்ற, காம்பு கையின்மேல் சாய்ந்திருக்கும். இதில் அசைவு பெரும்பாலும் விரல்களைச் சேர்ந்தது.

இரண்டாவது, காய் நறுக்கும் கத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்தல். காம்பு உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கும். இதில் அசைவு மணிக்கட்டையும் முன்கையையும் சேர்ந்தது.

இவற்றுள் எது சரி, எது தவறு என்று வாதிப்பது வீண். ஒரே வீட்டில் மாமியார் ஒரு விதமாகவும் மருமகள் மற்றொரு விதமாகவும் பிடித்து, இருவரும் நேர்த்தியாகப் பின்னக்கூடும். எப்படிப் பிடித்தாலும் ஊசியை நெருக்கிப் பிடிக்கலாகாது. நெருக்கிப் பிடித்தால் முதல் முறையில் விரல் மூட்டுகளும், இரண்டாம் முறையில் மணிக்கட்டும் நோவெடுக்கும். மெல்லிய இரும்பூசியின் காம்பில் துணிநாடாவைச் சுற்றிப் பருமனாக்கினால் பிடி தானே தளரும். அரைமணிக்கொரு தடவை ஊசியைக் கீழே வைத்து விரல்களை நீட்டி மடக்குவது நலம். விரல்களில் மரமரப்பு நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நூல் பிடித்தல்

பின்னலின் இறுக்கமும் தளர்ச்சியும் ஊசி பிடிக்கும் கையைவிட நூல் பிடிக்கும் கையையே அதிகம் பொறுத்தவை. சாதாரணமாக நூலை இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மோதிரவிரல், நடுவிரல் இவற்றின் கீழாகக் கொண்டுவந்து, சுட்டுவிரலின் மேல் போடுவார்கள். பெருவிரலும் நடுவிரலும் பின்னலைக் கொக்கிக்கு அருகில் பற்றியிருக்கும். சிலர் நடுவிரலை உயர்த்தி அதன்மேல் நூலை ஓட்டி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பின்னலைப் பிடிப்பார்கள். வேறு சிலர் நூலையும் வலக்கையிலேயே வைத்துக்கொண்டு கொக்கியின்மேல் எறிந்து பின்னுவார்கள்.

பின்னல் தளர்ந்துபோகிறவர்கள் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றலாம். பின்னல் இறுகிப்போகிறவர்கள் சுற்றாமலே விரலிடுக்குகளில் ஓட்டலாம். வியர்த்த விரலில் நூல் ஒட்டி இழுபடும். வெள்ளை நூலில் அழுக்கும் ஏறும். ஆகையால் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பின்னரே வேலைக்கு உட்கார வேண்டும்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்கள்

இடக்கைப் பழக்கமுள்ள பெண்ணை வலக்கையால்தான் பின்ன வேண்டும் என்று அதட்டுவது நமது கிராமங்களில் சகஜம். அவள் கை திருந்துவதில்லை. மனம் சலித்துத் தொழிலையே விட்டுவிடுகிறாள். இடக்கையால் பின்னினால் பின்னல் எதிர்த்திசையில் ஓடுமேயன்றி அதன் உறுதி குறையாது. கற்பிப்பவருக்குப் பக்கத்தில் அல்லாமல் எதிரில் அவளை உட்கார வைத்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து எளிதில் கற்றுக்கொள்வாள். கண்ணிகளின் சாய்வு மாறியிருக்குமாதலால், அவள் பின்னிய பூக்களைத் தனியாக ஓர் உருப்படிக்கு உபயோகிப்பது உசிதம்.

மாதிரித் துண்டு

பிடி பலவிதமாயிருக்கலாம், அளவு ஒன்றாயிருக்க வேண்டும். இதற்கு உபாயம் மாதிரித் துண்டே. புது வேலை தொடங்குமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரே நூலில் முப்பது சங்கிலிக் கண்ணிகள் போட்டு, அவற்றின்மேல் பத்து வரிசை பின்ன வேண்டும். துண்டை நனைத்து, இழுக்காமல் பரப்பிக் குண்டூசி குத்தி உலர்த்திய பின், நடுவிலுள்ள இருபது கண்ணிகளின் அகலத்தை அளக்க வேண்டும். சங்கத்தின் அளவைவிடக் குறைந்தால் சற்றுப் பருத்த ஊசியும், மிகுந்தால் சற்று மெல்லிய ஊசியும் கொடுக்க வேண்டும். ஊசியின் நம்பர் செய்வோருக்குச் செய்வோர் வேறுபடுமாதலால், மில்லிமீட்டர் அளவைப் பார்த்து வாங்குவதே நம்பத்தக்கது.

ஓர் உருப்படி முடியுமுன் பிடியையோ ஊசியையோ மாற்றலாகாது. கைநோவினால் மாற்ற நேர்ந்தால், மறுபடியும் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்த பிறகே வேலையைத் தொடர வேண்டும்.

சங்கத்தின் கடமை

எல்லாருக்கும் ஒரே ஊசியை மொத்தமாக வாங்கிக் கொடுத்து, ஒரே பிடியைக் கட்டாயப்படுத்தும் சங்கம், சிக்கனம் செய்வதாக எண்ணி நஷ்டத்தையே தேடிக்கொள்ளும். இரண்டு மூன்று அளவுகளில் ஊசிகளை வைத்திருப்பதும், மாதிரித் துண்டுக்கு ஆகும் நூலைச் சங்கச் செலவில் எழுதுவதும், அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற ஊசியைப் பதிவுப் புத்தகத்தில் குறித்துவைப்பதும் பெரிய பாரமல்ல. இச்சோதனைக்கு ஒரு மாலைப்பொழுதும் சில கஜம் நூலும் செலவாகும். செய்யாவிட்டால் ஏழை அங்கத்தினர் ஒருத்தியின் பல நாள் கூலி போகும். அந்த நஷ்டம் அவள் தலையில் விழாதபடி முன்கூட்டியே தடுப்பதற்காகவன்றோ சங்கம் ஏற்பட்டிருக்கிறது?